தரானா தேடிப் போன ஆறு நாள்

முதல் நாள், புதன். டெல்லி

வண்டி ஐந்து மணி நேரம் தாமதம். ஜனவரியில் வடக்கே போகிறவர்கள் நேர அட்டவணையைப் பார்க்கவே கூடாது. ஆக்ராவுக்கு மேல் ஜன்னலுக்கு வெளியே பனியைத் தவிர வேறெதுவும் இல்லை.

கூட வந்திருப்பவர் என் சித்தப்பா. வயது 71. திருநெல்வேலிக்காரர். கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் பட் பட்டென்று தாளம் போட்டு, பக்கத்தில் இருப்பவர்களிடம் முறைப்பு வாங்குகிற ரகம். இந்துஸ்தானி என்றால், "ஒரு சா பிடிக்கதுக்கே அரைமணி நேரம் எடுப்பான்" என்பார். இருந்தும் நான் டிக்கெட் போட்டபோது, "தனியாவா போற? நானும் வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

எதற்காக வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். இந்துஸ்தானிப் பாடகர் உஸ்தாத் அமீர் கான் பாடிய பழைய எல்பி இசைத்தட்டு ஒன்று உண்டு, ஒரு பக்கம் மார்வா ராகம், மறுபக்கம் தர்பாரி ராகம். தர்பாரியில் விளம்பித கயால், அதாவது மெதுவாக விரிகிற பெரிய பாட்டு, ஆடி அசைந்து முடிந்ததும் ஒரு தரானா வரும். தரானாவை நம் தில்லானாவுக்கு அக்காள் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நா, தா, ரே, தானி, தீம், தோம், யலலி என்று வெறும் அசைகளை அடுக்கி, ராகத்தில், தாளத்தோடு பாடுவது. தில்லானா என்ற பெயரே தரானாவிலிருந்து வந்ததுதான் என்பார்கள். பாரசீகத்தில் தரானா என்றால் பாட்டு. ஆனால் அந்த தர்பாரியில் அசைகளுக்கு நடுவே திடுதிப்பென்று பாரசீகக் கவிதை வரி வரும். அர்த்தம் தெரியாமலே பத்து வருடம் கேட்டேன், போன வருடம்தான் தெரிந்தது. அதை நாளைக்கு எழுதுகிறேன், எழுதிய கவிஞர் படுத்திருக்கும் இடத்துக்கே போய்விட்டு வந்து.

இரண்டாம் நாள், வியாழன். நிஜாமுதீன்

வியாழக்கிழமை பார்த்து வந்தது வேண்டுமென்றேதான். சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவின் தர்காவில் கவ்வாலி என்ற சூஃபிப் பாட்டு களைகட்டுகிற மாலை அது.

பஸ்தியின் சந்துகளில் ரோஜா இதழும் அத்தரும் கபாப் புகையும் கலந்த ஒரு வாடை. பூக்கடைக்காரர்கள் "செருப்பை இங்கே விடுங்க" என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். சித்தப்பாவின் தலையில் தொப்பி இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, வயலுக்குப் போகிறவர் மாதிரி முண்டாசு கட்டிக்கொண்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் நிஜாமுதீனின் சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவின் சமாதிக்குப் போய்விட்டுத்தான் குருவின் சமாதிக்குப் போக வேண்டும் என்பது இங்கே முறை. பெண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. நான் வெளியே கல் சல்லடையில் நெற்றியை வைத்தபடி நின்றேன், சித்தப்பா உள்ளே போய் எனக்கும் சேர்த்துப் பூப்போட்டார். எரிச்சலாகத்தான் இருந்தது, மறைப்பதற்கில்லை.

குஸ்ரோ 1253இல் பிறந்தவர். 1325 ஏப்ரலில் குரு நிஜாமுதீன் மறைந்தார். வங்காளம் போயிருந்த குஸ்ரோ திரும்பி வந்து செய்தி கேட்டவர், அதே ஆண்டு அக்டோபரில் போய்ச் சேர்ந்தார். அமீர் கானின் தர்பாரியில் வரும் வரிகள் இவருடையவை. "உயிர் உதட்டுக்கு வந்துவிட்டது, நான் பிழைத்திருக்க நீ வா. நானே இல்லாமல் போன பிறகு நீ வந்துதான் என்ன?" இதுதான் அவற்றின் பொருள். "யாரே மன் பியா பியா", என் நண்பனே வா வா என்று தொடங்கி, தோம் தனனவில் புகுந்து புறப்பட்டு இந்த இடத்துக்கு வந்து சேர்வார் கான் சாகிப். இந்தச் சல்லடைக்கு முன்னால் நின்று அதை நினைத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

தரானாவை உண்டாக்கியவரே குஸ்ரோதான் என்பது பாடகர்கள் சொல்லும் வரலாறு. ஒரு கதையும் உண்டு. தேவகிரியிலிருந்து வந்த கோபால் நாயக் அலாவுதீன் கில்ஜியின் அவையில் ஆறு நாள் பாடினாராம். குஸ்ரோ சுல்தானின் சிம்மாசனத்துக்கு அடியில் ஒளிந்திருந்து கேட்டாராம். ஏழாம் நாள் வெளியே வந்து, கேட்டதையெல்லாம் அப்படியே திருப்பிப் பாடினாராம். சமஸ்கிருதச் சொற்கள் வசப்படாத இடத்தில் தானா தீம் என்று போட்டு நிரப்பியதுதான் தரானா. கதை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்! ஆனால் குஸ்ரோ காலத்து ஏடுகளில் இதற்கு ஆதாரம் இல்லை என்று ஆய்வாளர்கள் கையை விரிக்கிறார்கள்.

ஏழு மணி வாக்கில் முற்றத்தில் கவ்வால்கள் உட்கார்ந்தார்கள். ஆர்மோனியம், டோலக், பின்னால் கைதட்டுகிறவர்கள். நான் காத்திருந்தது "மன் குன்தோ மௌலா"வுக்காக. "நான் யாருக்குத் தலைவனோ, அவருக்கு அலி தலைவன்" என்ற நபிமொழியை குஸ்ரோ இசையில் வைத்த கௌல் அது என்பார்கள். அந்த அரபு வரி முடிந்த கையோடு, "தரா தில் தரா தில் தரே தானி, ஹம் தும் தன நன நன நனரே, யலலி யலலி யலா" என்று கிளம்பியது கூட்டம்.

சித்தப்பா சட்டென்று என் முழங்கையை இடித்தார். "என்னளா இது, தில்லானால்லா பாடுதாங்க!"

"தரானா சித்தப்பா."

"ரெண்டும் ஒண்ணுதான, போ."

வெளியே வரும் வழியில் முகம்மது ஷா ரங்கீலாவின் சமாதியும் அதே வளாகத்தில் இருக்கிறது. 1719 முதல் 1748 வரை ஆண்ட முகலாயர், கயாலுக்கு உருவம் கொடுத்த சதாரங் இருந்தது இவர் அவையில். பூட்டிக் கிடந்தது. மேலே ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள், வெள்ளி. குவாலியர்

காலை வண்டி. பனியால் மறுபடி தாமதம். வந்து இறங்கினால், இணையத்தில் பணம் கட்டி எடுத்த அறை எங்கள் பெயரில் இல்லவே இல்லை என்கிறார்கள் விடுதியில். முக்கால் மணி நேரச் சண்டைக்குப் பிறகு கிடைத்தது கழிப்பறைக் கதவு சாத்தாத ஓர் அறை. சித்தப்பா தன் வேட்டியைத் திரையாகக் கட்டிவிட்டார்.

கோட்டைக்குப் போனோம். ராஜா மான்சிங் தோமரின் அரண்மனைச் சுவரில் மஞ்சள் வாத்துகளும் நீல ஓடுகளும். துருபத் என்ற பழைய பாட்டு முறை வளர்ந்த அவை இவருடையது. காற்று காதை அறுத்ததால் அரை மணியில் இறங்கிவிட்டோம்.

தான்சேன் சமாதி கீழே ஹஜீராவில். வளாகத்தில் நுழைந்ததும் கண்ணில் படுவது சூஃபி முகம்மது கௌஸின் பெரிய சமாதிதான், நாலாபக்கமும் கல்லில் இழைத்த சல்லடை. தான்சேனுடையது ஓரமாக, திறந்த மண்டபத்தில், சின்னதாக. தர்பாரி இவர் உண்டாக்கிய ராகம் என்பது நம்பிக்கை. பக்கத்தில் புளியமரம். அந்த இலையைத் தின்றால் குரல் இனிமையாகும் என்று காலங்காலமாகப் பாடகர்கள் வந்து பறித்திருக்கிறார்கள். பழைய மரம் போய்விட்டது, இப்போது நிற்பது பிறகு வந்தது. சித்தப்பா ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டார்.

"எப்படி இருக்கு?"

"நம்ம வாய்க்கால் கரைப் புளி மாதிரிதான் புளிக்கி." அப்புறம் தொண்டையைச் செருமி ஒரு ஸ்வரம் பிடித்துப் பார்த்தார். காவலாளி சிரித்துவிட்டார்.

நான்காம் நாள், சனி. குவாலியர், லஷ்கர் பகுதி

இந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமான நாள் இதுதான். தோழி ஒருத்தி மூலம், பள்ளியில் பாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற மராத்தி அம்மாள் ஒருவரிடம் இரண்டு நாள் பாடம் கேட்டிருந்தேன். இந்த ஊரை ஆண்ட சிந்தியாக்கள் காலத்தில் வந்து தங்கிய மராத்திக் குடும்பங்கள் இங்கே நிறைய. எல்லாரும் அவரைக் காகு என்கிறார்கள், சித்தி என்பது போல. நாங்களும் காகு என்றே கூப்பிட்டோம்.

குவாலியர் கராணாவில், அதாவது இந்த ஊர்ப் பாடகர் பரம்பரையில், தரானாவுக்குத் தனி மரியாதை உண்டு. கயாலோடு தப்பா, தரானா, திரிவட், சதுரங் எல்லாம் பாடத் தெரிந்தால்தான் முழுப் பாடகர் என்று கணக்கு. 1914இல் இந்த ஊரில் இசைப்பள்ளி தொடங்கிய கிருஷ்ணராவ் சங்கர் பண்டிட் 1893 முதல் 1989 வரை வாழ்ந்தவர், அவருடைய தரானாக்களை இன்றும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். காகு எங்களுக்காக ஒரு சதுரங் பாடிக் காட்டினார். அதற்கு நான்கு அங்கம்: கொஞ்சம் சாகித்தியம், கொஞ்சம் ஸ்வரம், கொஞ்சம் தரானா அசை, கொஞ்சம் மத்தளச் சொல். சித்தப்பா தமிழில் முணுமுணுத்தார்: "நல்ல மிக்சரு."

பாடம் யமனில், நம் கல்யாணி என்று வைத்துக்கொள்ளலாம். தீன்தால், 16 மாத்திரை. நான் ஆதி தாளப் பழக்கத்தில் தொடையில் தட்டி விரல் எண்ண ஆரம்பித்தேன். காகு என் கையைப் பிடித்து மடியில் வைத்தார். தாளம் உன் வேலை இல்லை, தபலாவின் வேலை என்றார். செல்போனில் தபலா செயலியை ஓடவிட்டார். தா தின் தின் தா என்று சுற்றி வருகிறது. ஒன்பதாவது மாத்திரையில் தபலாவின் அடித்தொனி விலகி, ஒலி மெலிந்து லேசாகிறது, அதுதான் காலி. கையே போடாமல் அதைக் காதால் பிடித்து, பல்லவியின் தலைப்பைச் சமத்தில், அதாவது சுற்றின் முதல் மாத்திரையில், கொண்டு போய் உட்கார வைக்க வேண்டும். கை இல்லாமல் நான் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டேன். சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து ரகசியமாக எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

அப்புறம் நாக்கு. "தன தேரே நா, தீம் தா நா, திர் திர் தானி" என்று எழுதிக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். சரியாக வந்தது. இரட்டை வேகத்தில் "திர் திர்" குழைந்து "திதி" ஆனது. காகு தன் வாயைத் திறந்து காட்டினார். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டி நிற்கிறது, அங்கேயே துடிக்கிறது, பின்னால் போகவே இல்லை. அழுத்தாதே, நுனியால் தொட்டுவிட்டு விடு, சூடான தோசைக்கல்லைத் தொடுகிற மாதிரி என்றார் (தவா என்றார், தோசை என் சேர்க்கை). ஒரு மணி நேரம் அதையே சொன்னேன். நாக்குக்கு அடியில் வலி எடுத்தது. ராம்பூர் சஹஸ்வான் கராணாவின் நிசார் உசேன் கான் பதாயூனில் பிறந்தவர், தரானாவுக்கென்றே பெயர் எடுத்தவர். அவர் பதிவில் இந்த இடங்கள் வெடிச்சரம் மாதிரி போகும். அந்த ஆள் எத்தனை ஆயிரம் மணி நேரம் இப்படி நாக்கைத் தேய்த்திருப்பார்!

நோட்டில் இன்னொரு சங்கடம். தமிழில் த ஒன்றுதான். "தானா"வின் தாவும் "தானி"யின் தாவும் எனக்கு ஒரே எழுத்து. காகு ஒவ்வொரு தடவையும் திருத்தினார், அது த இல்லை, இது த இல்லை என்று. கடைசியில் பாட்டி வைத்திருந்த சுலோகப் புத்தகம் ஞாபகம் வந்தது. தா³னி என்று மேலே மூன்று போட்டு எழுதிக்கொண்டேன். காகு எட்டிப் பார்த்து, இது என்ன கணக்கா என்றார்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் "தன தேரே நா" என்று வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தபோதுதான் ஒன்று பட்டது. இந்த அசைகளில் த, ந, ர, ல, இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாம் நாக்கு நுனியில் பிறக்கும் எழுத்து. கவும் சவும் தபலாச் சொல் கலக்கும்போது மட்டும் தலைகாட்டுகின்றன. சுற்றை மூட வேண்டிய இடத்தில் ம் வந்து உதட்டைச் சாத்துகிறது: தீம், தோம். நாக்கு ஊர் சுற்றாமல் ஒரே வாசலில் நின்று வேலை பார்ப்பதால்தான் அந்த வேகம் சாத்தியம்.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "நடவுல பொம்பளைங்க 'தன்னானே தானே'ன்னுதான பாடுவாளுவ? வில்லுப்பாட்டுக்காரன் 'தந்தனத்தோம்'னுதான ஆரம்பிப்பான்? அதுலயும் இதான இருக்கு!"

ஐந்தாம் நாள், ஞாயிறு. குவாலியர், பிறகு இரவு வண்டி

காலையில் காகுவிடம் அர்த்தம் பற்றிக் கேட்டேன். இந்த அசைகளுக்குப் பொருள் உண்டா, இல்லையா?

இல்லை என்பதுதான் பொதுவான பேச்சு. அமீர் கான் அதை ஒப்பவில்லை. 1960களில் இதைப்பற்றிக் கட்டுரையே எழுதினார். அவர் வாதப்படி இவை பாரசீக, அரபுச் சொற்களின் துண்டுகள். தர் என்றால் உள்ளே, தன் என்றால் உடல், ஆ என்றால் வா. ஆக "தன் தர் ஆ" என்பது "என் உடலுக்குள் வா". ஓ தானி, அவன் அறிவான். து தானி, நீ அறிவாய். தோம், நான் உன்னுடையவன். யலா என்பது யா அல்லா, யலி என்பது யா அலி. அதாவது தரானா என்பது சூஃபி செய்கிற நாமஜபம். அதை வெறும் வேகப் போட்டியாக்கியது தவறு என்பது அவர் கட்சி. அவருடைய தரானாக்கள் அடக்கமாக, கண்ணை மூடிக்கொண்டு நடப்பதற்குக் காரணமும் இதுதான்.

காகு சிரித்தார். துருபத் பாடும் டாகர் குடும்பத்தைக் கேட்டால் இதே மாதிரி இன்னொன்று சொல்வார்கள் என்றார். அவர்கள் ஆலாபனையில் வரும் ரீ, ரே, நா, தானா, நோம், தோம் எல்லாம் "ஓம் ஹரி அனந்த நாராயண, தரண தாரண" என்ற மந்திரத்தின் உதிரிகளாம். டாகர்கள் முஸ்லிம்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அமீர் கான் பாரசீகம் என்கிறார், இவர்கள் சமஸ்கிருத மந்திரம் என்கிறார்கள். ஒரே தானா, இரண்டு வீட்டுப் பிள்ளை.

எனக்கு இரண்டும் பிற்பாடு கொண்டுவந்து பொருத்தியவையாகவே படுகின்றன. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் எழுதப்பட்ட சங்கீத ரத்னாகரம், பிரபந்தம் என்ற பழைய பாட்டு வடிவத்தின் ஆறு அங்கங்களில் "தேன தேன" என்ற மங்கல அசையைத் தேனகம் என்றும், கருவிச் சொல்லைப் பாடம் என்றும் தனித்தனியாக எண்ணுகிறது. நம் பக்கம் சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், ஆளத்திக்குரிய (ஆலாபனைக்குரிய) அசைகளாகத் தென்னா, தெனா என்பவற்றைச் சொல்கிறார். டெல்லியில் ஒரு சிம்மாசனத்துக்கு அடியில் பிறந்த குழந்தை அல்ல இது.

இதையெல்லாம் இவ்வளவு வக்கணையாக எழுதிவிட்டு, அந்த தர்பாரியில் "பியா பியா" வரும்போது மட்டும் ஏன் ஒவ்வொரு தடவையும் கலங்குகிறேன் என்றால், பதில் இல்லை. கவிதை வரி முடிந்து அவர் திரும்பத் தோம் தனனவுக்கு வரும்போது, அந்தத் தோம் முன்பு கேட்ட தோமாக இல்லை. அமீர் கான் சொன்ன அர்த்தம் அகராதிப்படி சரியோ தப்போ, அந்த இரண்டு நிமிடம் அதுதான் அர்த்தம்.

கிளம்பும்போது காகு ஒரு டப்பா எள்ளு கஜக் கொடுத்தார். இரவு வண்டியில் மேல் படுக்கை கிடைத்த சித்தப்பா அதில் பாதியைக் காலி செய்துவிட்டார்.

ஆறாம் நாள், திங்கள். இந்தூர்

காலையில் போஹாவும் ஜிலேபியும். அவல் உப்புமாவோடு ஜிலேபி தின்கிற ஊர் இது. சித்தப்பா முதலில் ஜிலேபியை ஒதுக்கி வைத்தார், பிறகு இன்னொரு தட்டு கேட்டார்.

அமீர் கான் வளர்ந்த ஊர் இது. 1912இல் பிறந்தவர். அப்பா ஷாமீர் கான் சாரங்கி வாசித்தவர், இந்த ஊரை ஆண்ட ஹோல்கர்களின் அரண்மனையில் வேலை. சாரங்கிக்காரர் வீடு என்பதால் பெரிய பாடகர்கள் வந்துபோகிற இடமாக இருந்தது, பையன் அதைக் கேட்டே வளர்ந்தான். பின்னாளில் அவர் பாணிக்கே இந்தூர் கராணா என்று பெயர் வந்தது. 1974இல் கல்கத்தாவில் கார் விபத்தில் இறந்து அங்கேயே அடக்கமானார். எனவே இங்கே கும்பிட சமாதி கிடையாது. ராஜ்வாடா அரண்மனை வாசலில் வெயில் காய்ந்தோம், சித்தப்பா நான்கு நூல் வேட்டிக்கு விலை விசாரித்தார், பகல் போயிற்று.

இரவு சராஃபா பஜார். பகலெல்லாம் நகைக்கடைத் தெரு. கடைகள் பூட்டியதும் அந்தப் படிகளிலேயே அடுப்பு ஏறுகிறது. மணி பதினொன்று, குளிர், நெய் வாடை, தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். பொரித்து மசாலா தூவிய கராடுக் கிழங்கும், சோளத்தைத் துருவிப் பாலில் வேகவைத்த புட்டே கா கீசும் வாங்கிக்கொண்டு ஒரு நகைக்கடைப் படியில் உட்கார்ந்தோம். காதொலிப்பானில் ஒன்றை அவர் காதில் சொருகிவிட்டு, அமீர் கானின் ஹம்சத்வனியைப் போட்டேன். என்ன ராகம் என்று சொல்லவில்லை.

நான்கு ஸ்வரம் போவதற்குள் நிமிர்ந்தார். "இது ஹம்சத்வனில்லா? வாதாபில்லா?"

"ஆமா."

"நம்ம ராகம் இவருக்கு எப்படிக் கிடைச்சுது?"

முத்துசாமி தீட்சிதரின் அப்பா ராமசாமி தீட்சிதர் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் ராகம். பம்பாயில் பெண்டிபஜார் கராணாவின் அமான் அலி கானுக்குக் கர்நாடக ராகங்கள் மேல் மோகம், அவர் இதை அங்கே பாடினார். அமீர் கானுக்கு அமான் அலி மேல் பெரும் பக்தி. வழி இதுதான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தரானா வந்துவிட்டது. அசைகளுக்கு நடுவே பாரசீக வரி: எனக்கும் உனக்கும் இடையே இருப்பது ஒன்றிப்போதல், இடையில் நான் என்றும் நீ என்றும் எதுவும் இல்லை.

அர்த்தத்தைச் சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு முழங்காலில் தாளம் போட ஆரம்பித்திருந்தார். ஒரு சுற்று சரியாக வந்தது. இரண்டாவது சுற்றில் கை தடுமாறி அந்தரத்தில் நின்றது. கையை மடியில் வைத்தார். தலை மட்டும் ஆடியது. சமம் வந்த இடத்தில் தாடை ஒரு வெட்டு வெட்டியது, சரியாக.

ரபடிக்காரன் வந்து இரண்டு கிண்ணம் வைத்துவிட்டுப் போனான். போனில் நான்கு சதவீதம்தான் சார்ஜ் இருந்தது.

"முதல்ல இருந்து போடு," என்றார். "அந்த தோம்ல இருந்து."